பொய்ப் புழுவுக்கு ஏன் பூண்டு வாசனை?

அமெரிக்காவில் தூண்டில் சாமான்கள் விற்கும் கடையில் சில அலமாரிகளுக்கு அருகே போனால் பூண்டு மணக்கும். பக்கத்துத் தட்டில் சோம்பு வாசனை வீசும். இன்னும் கொஞ்சம் தள்ளிப் போனால் மீன் எண்ணெயின் வீச்சம் மூக்கைத் துளைக்கும். இவை எவையும் சமையலுக்கு உரியவை அல்ல. பிளாஸ்டிக்கால் செய்த புழு, தவளை, குட்டி மீன் ஆகியவற்றின்மேல் தடவுவதற்கென்றே புட்டிகளில் அடைத்து விற்கப்படும் மணப்பொருள்கள் இவை. இவற்றை விரும்பி வாங்குகிறவர்களில் பெரும்பாலோர் பாஸ் என்னும் மீனைத் தேடிப் போகிறவர்கள்.

நம்மில் பலர் குளக்கரையில் தூண்டில் போட்டிருப்போம். முள்ளில் மண்புழுவைக் கோத்துப் போட்டால் மீன் வந்து கடிக்கும். மண்புழு உயிருள்ளது, உணவாகக் கூடியது. ஆகவே அதை மீன் தேடி வருவதில் வியப்பில்லை. ஆனால் பிளாஸ்டிக் புழுவின்மேல் பூண்டுச் சாறு தடவினால் மீன் வருமா? ஏரியில் வாழும் மீன் எந்தக் காலத்தில் பூண்டைத் தின்றது? அந்த வாசனை மீனை இழுக்கிறதா, அல்லது கடைக்கு வரும் மனிதனை இழுக்கிறதா?

கேள்வி வேடிக்கையாகத் தோன்றலாம். ஆனால் இதற்கு விடை காண முயன்றால் மீனின் மூக்கு, நீரில் மூலக்கூறுகள் பரவும் விதம், சோதனைகளை நேர்மையாகச் செய்யும் முறை எனப் பல செய்திகளுக்குள் புகுந்து வர வேண்டியிருக்கும்.

முதலில் இந்த மீனைப் பற்றிச் சில சொற்கள். பெருவாய் பாஸ் வட அமெரிக்காவின் கிழக்கிலும் நடுவிலும் உள்ள ஏரிகளுக்கும் மெதுவாக ஓடும் ஆறுகளுக்கும் உரியது. பச்சை நிற உடல். பக்கவாட்டில் கருமையான ஒரு பட்டை. வாயை மூடியிருக்கும்போதுகூட மேல்தாடை கண்ணையும் தாண்டிப் பின்னால் நீண்டிருக்கும். பெயருக்குக் காரணம் அதுதான். நீர்ப்பூண்டுகளின் ஓரத்திலோ மூழ்கிய மரத்தின் நிழலிலோ அசையாமல் நின்று, அருகில் வரும் குட்டி மீனையும் தவளையையும், சிங்கி இறாலின் சிறு வடிவம் போலிருக்கும் கிரேஃபிஷையும் பாய்ந்து விழுங்கும்.

1932ஆம் ஆண்டு ஜூன் 2ஆம் நாள் ஜார்ஜியா மாநிலத்தில் ஜார்ஜ் பெர்ரி என்ற இளம் விவசாயி 22 பவுண்டு 4 அவுன்ஸ், அதாவது சுமார் 10 கிலோகிராம் எடையுள்ள பாஸ் ஒன்றைப் பிடித்தார். உலகச் சாதனை என்று அது பதிவாயிற்று. 2009ஆம் ஆண்டு ஜூலை 2ஆம் நாள் ஜப்பானின் பிவா ஏரியில் மனாபு குரிதா என்பவர் பிடித்த மீன் அதைவிட ஓர் அவுன்சுக்கும் குறைவாகவே கூடுதல் எடை இருந்தது. பழைய சாதனையை முறியடிக்கக் குறைந்தது 2 அவுன்ஸ் கூடுதலாக இருக்க வேண்டும் என்பது விதி. ஆகவே இருவரும் இன்றும் சாதனையைப் பகிர்ந்துகொள்கிறார்கள். நம் கேள்விக்குத் தொடர்பான செய்தி ஒன்று இதில் உண்டு: பெர்ரி பயன்படுத்தியது பொய் இரை, குரிதா பயன்படுத்தியது உயிருள்ள சிறு மீன். வாசனையைப் பற்றிய வழக்கில் இந்த இரண்டு பெரிய மீன்களும் ஆளுக்கொரு பக்கம் சாட்சி சொல்கின்றன!

பிளாஸ்டிக் புழு வந்த கதை சுருக்கமானது. 1949இல் ஒஹையோ மாநிலத்தின் ஆக்ரன் நகரில் நிக் கிரீம் என்ற இயந்திரத் தொழிலாளி வீட்டுச் சமையலறையிலேயே வினைல் பிளாஸ்டிக்கைக் காய்ச்சி அச்சில் ஊற்றி மென்மையான புழுக்களை வார்த்தார். தொட்டால் வளையும், நீரில் நெளியும், பார்வைக்கு மண்புழுவேதான். ஆனால் வாயில் போட்டுப் பார்க்கும் மீனுக்கு அது வெறும் பிளாஸ்டிக். இந்தக் குறையை எப்படி மறைப்பது என்ற எண்ணத்தில்தான் வாசனைப் புட்டிகள் பிறந்தன.

மீனின் மூக்கு

மீனுக்கு மூக்கு உண்டா என்று கேட்டால் பலர் தயங்குவார்கள். உண்டு. பாஸ் மீனின் கண்ணுக்கு முன்னால் உற்றுப் பாருங்கள். ஒவ்வொரு பக்கத்திலும் இரண்டு சிறு துளைகள் தெரியும். முன் துளை வழியே நீர் உள்ளே போகிறது. பின் துளை வழியே வெளியேறுகிறது. இடையில் இருக்கும் சிறு குழியில் பூவிதழ்களைப் போல அடுக்கடுக்கான மடிப்புகள் உள்ளன. மணத்தை உணரும் நரம்பணுக்கள் இந்த மடிப்புகளின்மேல்தான் அமைந்துள்ளன. நம் மூக்கு தொண்டையோடு இணைந்திருப்பதால் நாம் அதன் வழியே மூச்சு விடுகிறோம். மீனின் மூக்குக்கு அந்த வேலை இல்லை. மூச்சுக்குச் செவுள் இருக்கிறது. மூக்கு முகர்வதற்கு மட்டுமே.

இந்த உறுப்பு எவ்வளவு திறமை வாய்ந்தது என்பதைச் சில புகழ்பெற்ற சோதனைகள் காட்டின. தேனீக்களின் நடன மொழியைக் கண்டறிந்த கார்ல் வான் ஃபிரிஷ் 1938இல் மின்னோ என்னும் சிறு மீன்களிடம் விந்தையான ஒன்றைக் கவனித்தார். காயம்பட்ட மின்னோ ஒன்றைக் கூட்டத்துக்குள் விட்டதும் மற்ற மீன்கள் அஞ்சிச் சிதறின. காயம்பட்ட தோலிலிருந்து கசிந்த ஒரு பொருளை மற்றவை முகர்ந்ததே காரணம். வாசனை மீனை அழைக்க மட்டும் அல்ல, விரட்டவும் வல்லது என்பதை இங்கேயே குறித்துக்கொள்ளுங்கள்.

விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் ஆர்தர் ஹாஸ்லரும் வாரன் விஸ்பியும் சால்மன் மீன்களின் மூக்கைப் பஞ்சால் அடைத்துப் பார்த்தார்கள். வாஷிங்டன் மாநிலத்தில் ஓர் ஓடை இரண்டாகப் பிரியும் இடத்துக்குக் கீழே மீன்களை விட்டபோது, மூக்கு அடைக்கப்படாத மீன்களில் பெரும்பாலானவை முன்பு பிடிபட்ட அதே கிளைக்குத் திரும்பின. பஞ்சு வைத்தவை வழி தவறி மனம்போன திசையில் சென்றன. 1954இல் வெளியான இந்த ஆய்வு, சால்மன் தன் சொந்த ஓடையை மணத்தால் அறிகிறது என்ற கருத்துக்கு வலுவான ஆதாரமாயிற்று.

இவற்றைப் படிக்கும் புட்டி வியாபாரி மகிழ்ந்து போவார். மீனுக்குத்தான் இவ்வளவு மூக்கு இருக்கிறதே! ஆனால் அவர் அவசரப்படக் கூடாது. எல்லா மீனுக்கும் மூக்கு ஒரே அளவில் அமைவதில்லை. அமெரிக்க ஆறுகளில் வாழும் கால்வாய்க் கெளிற்றின் மூக்கில் நூற்றுக்கும் மேற்பட்ட மடிப்புகள் உண்டு. பாஸ் மீனில் இருப்பவை அதைக் காட்டிலும் மிகவும் குறைவு.

சுவை உணர்விலும் கெளிறு தனிப்பிறவி. அதன் மீசையிலும் உடல் முழுவதிலும் சுவை மொட்டுகள் பரவியிருக்கின்றன. நீந்தும் நாக்கு என்றே அதைச் சொல்லிவிடலாம். 1975இல் ஜான் கேப்ரியோ என்ற ஆய்வாளர், கெளிற்றின் மீசையிலிருந்து செல்லும் நரம்பில் மின் துடிப்புகளை அளந்தார். அமினோ அமிலங்கள் கலந்த நீரை மீசையின்மேல் ஓடவிட்டபோது, நம்ப முடியாத அளவுக்கு நீர்த்த கரைசலுக்குக்கூட நரம்பு துடித்தது. அலனின் என்னும் அமினோ அமிலத்தை எடுத்துக்கொள்வோம். தெருவுக்கு வரும் 10,000 லிட்டர் தண்ணீர் லாரியில் அதில் ஒரு மில்லிகிராம் போட்டுக் கலக்கினாலே போதும். அந்த நீரைக் கெளிறு கண்டுகொள்ளும்.

கலங்கிய நீரில், இரவில், அடித்தரையில் உணவு தேடும் கெளிற்றுக்கு இத்தகைய புலன் தேவை. பகலில் கண்ணை நம்பிப் பாயும் பாஸுக்கு அந்த அளவுக்குத் தேவை இல்லை. கெளிற்றில் கண்ட உண்மையைப் பாஸின்மேல் ஏற்றிச் சொல்வது, நாயின் மோப்பத் திறமையைக் கண்டுவிட்டு அதே புகழைக் கோழிக்கும் சூட்டுவதைப் போன்றது.

மணம் எவ்வளவு தூரம் போகும்?

சரி, பாஸுக்கும் ஓரளவு மோப்பம் உண்டு என்று வைத்துக்கொள்வோம். புழுவின்மேல் தடவிய மணம் அதன் மூக்கை எட்ட வேண்டும் அல்லவா? இங்கேதான் நம் அனுபவம் நம்மை ஏமாற்றுகிறது. அடுப்படியில் மீன் பொரித்தால் வாசல்வரை மணக்கிறது. நீரிலும் அப்படித்தான் என்று எண்ணிவிடுகிறோம்.

ஒரு சிறு சோதனை செய்யுங்கள். கண்ணாடித் தம்ளரில் நீர் நிரப்பி, அதன் அலைகள் அடங்குவதற்கு ஒரு மணி நேரம் மேசைமேல் வைத்துவிடுங்கள். பிறகு நீண்ட உறிஞ்சு குழலால் அடியில் ஒரு சொட்டு மை விடுங்கள். தம்ளரை அசைக்காமல் மறுநாள் வந்து பாருங்கள். மேலே உள்ள நீரில் மையின் நிறம் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

இதைக் கணக்கிலும் பார்க்கலாம். நீரில் கரைந்த சிறு மூலக்கூறுகளின் விரவல் எண் ஏறக்குறைய நொடிக்கு 0.00001 சதுர சென்டிமீட்டர். ஒரு தொலைவை விரவல் மூலம் கடக்க ஆகும் நேரம், அத்தொலைவின் வர்க்கத்தை இந்த எண்ணின் இருமடங்கால் வகுத்தால் கிடைக்கும். 1 சென்டிமீட்டருக்கு 50,000 நொடி, அதாவது சுமார் 14 மணி நேரம். 10 சென்டிமீட்டருக்கு அதைப்போல் 100 மடங்கு: ஏறத்தாழ 58 நாள். 1 மீட்டருக்கு? சுமார் 16 ஆண்டுகள்! தூண்டில் போட்டவர் காத்திருந்து காத்திருந்து நரைத்துப் போவார்.

காற்றில் இந்த எண் ஏறக்குறைய 10,000 மடங்கு பெரியது. ஆனாலும் பொரித்த மீனின் மணத்தை வாசலுக்குக் கொண்டு வருவது பெரும்பாலும் விரவல் அன்று, காற்றோட்டம். நீரிலும் ஓட்டமே மணத்தைச் சுமந்து செல்கிறது. ஆற்றில் இரையைக் கட்டிப் போட்டுவிட்டுக் காத்திருந்தால், அதன் மணம் ஓட்டத்தோடு கீழே போகும். கீழே இருக்கும் கெளிறு அந்த வழியைப் பிடித்துக்கொண்டு மேலேறி வரும். கெளிறு பிடிப்பவர்கள் நாற்றமெடுத்த இரையை வைத்துவிட்டு நிம்மதியாக உட்கார்ந்திருப்பதன் இரகசியம் இதுதான்.

பாஸ் பிடிப்பவர் அப்படி உட்கார்வதில்லை. அவர் பொய் இரையைத் தொலைவில் வீசி, ரீலைச் சுற்றி இழுத்துக்கொண்டே இருக்கிறார். ஓடும் இரையின் மணம் அதற்குப் பின்னால் மெல்லிய இழையாக நிற்கும். முன்னாலும் பக்கத்திலும் நிற்கும் மீனுக்கு அதில் ஒன்றும் எட்டாது. அந்த மீன் பாயும்போது மணத்தை முகர்ந்து பார்க்க நேரமும் இல்லை. கண் இரையைக் காண்கிறது. உடலின் பக்கவாட்டில் ஓடும் பக்கக்கோடு என்னும் உணர்வுறுப்பு, இரையின் அசைவால் நீரில் எழும் அதிர்வை அறிகிறது. உடனே பாய்ச்சல்.

ஆகவே, பூண்டு வாசனை தொலைவிலுள்ள பாஸை அழைத்து வருகிறது என்ற பேச்சை நாம் நம்ப வேண்டியதில்லை.

அப்படியானால் புட்டி முழுவதும் ஏமாற்றா? அதுவும் இல்லை. கதையின் சுவையான பகுதி இனித்தான் வருகிறது.

வாய்க்குள் நடப்பது

பாஸ் இரையைக் கடிப்பதில்லை, உறிஞ்சுகிறது. வாயைத் திடீரென அகலத் திறந்து செவுள் மூடிகளை விரிக்கும்போது வாய்க்குள் அழுத்தம் குறைகிறது. இரையைச் சுமந்துகொண்டு நீர் உள்ளே பாய்கிறது. ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவான நேரத்தில் எல்லாம் முடிந்துவிடும். தவறான பொருள் உள்ளே வந்துவிட்டால் அதே வேகத்தில் நீரை வெளியே தள்ளித் துப்பிவிடவும் அதற்குத் தெரியும்.

எது தவறான பொருள் என்று யார் தீர்மானிப்பது? உதட்டிலும் வாயின் மேற்கூரையிலும் செவுள் வளைவுகளிலும் சுவை மொட்டுகள் இருக்கின்றன. இரை மென்மையானதா, கடினமானதா என்று தொடுவுணர்வும் சொல்கிறது. நமக்குக் கையில்லாமல் போய், கண்ணில் படும் பொருளையெல்லாம் வாயில் போட்டுத்தான் அறிய வேண்டும் என்றால் என்ன செய்வோமோ அதைத்தான் மீன் செய்கிறது. கைக்குழந்தைகளை நினைத்துக்கொள்ளுங்கள்.

சுவையற்ற பிளாஸ்டிக்கை மீன் சட்டென்று துப்பிவிடுகிறது. கோலைப் பிடித்திருப்பவர் நரம்பில் ஏற்படும் மெல்லிய தட்டலை உணர்ந்து, கோலை வெட்டி இழுத்து முள்ளைப் பதியவைப்பதற்குள் மீன் போய்விடுகிறது. புழுவில் உணவின் சுவை இருந்தால் மீன் அதைக் கொஞ்சம் கூடுதலாக வைத்திருந்து பார்க்கும். அந்தச் சில நொடிகளே தூண்டில்காரருக்குக் கிடைக்கும் ஆதாயம். மணம் என்று புட்டியில் எழுதியிருந்தாலும் வேலை செய்வது பெரும்பாலும் சுவை. பாஸை வரவழைப்பது கண். நிற்க வைப்பது வாய்.

இதைப் புரிந்துகொண்ட பிறகு தயாரிப்பாளர்கள் தடவும் எண்ணெயை விட்டு, புழுவின் உடலுக்குள்ளேயே சுவைப்பொருளைக் கலக்கத் தொடங்கினார்கள். இதில் ஒரு வேதியியல் சிக்கல் உண்டு. மீன் அறியும் சுவைப்பொருள்களில் முக்கியமானவை அமினோ அமிலங்கள். இறைச்சி, புழு, இறால் ஆகியவற்றிலிருந்து நீரில் கசிபவை அவையே. அவை நீரில் கரையும், எண்ணெயில் கரையா. வினைல் புழுவோ எண்ணெய்ப் பதமுள்ளது. தன்னுள் இருப்பதை நீருக்கு எளிதில் விட்டுக் கொடுக்காது. சோம்பு எண்ணெயோ நீரில் அநேகமாகக் கரையாமல் துளியாகப் பிரிந்து மேலே மிதந்துவிடும். கரையாத பொருள் மீனின் மூக்கையும் நாக்கையும் எட்டுவது கடினம். ஆகவே பின்னாளில் வினைலை விட்டுவிட்டு, நீரில் ஊறிச் சத்தை வெளியே விடும் கூழ்ப்பொருளால் சில நிறுவனங்கள் பொய் இரைகளைச் செய்தன. அவை காற்றுப் பட்டால் காய்ந்து கருவாடாகிவிடும் என்பது வேறு தொல்லை.

நம் மூக்குக்கு எது பலமாக மணக்கிறதோ அதுவே மீனுக்கும் மணக்கும் என்று எண்ணுவது பெரும் பிழை. அலனின் நமக்கு மணமே இல்லாத வெள்ளைத் தூள். கெளிற்றுக்கு அதுவே விருந்துக்கான அழைப்பு. பூண்டின் காரநெடி நமக்குத் தூக்கலாக இருக்கிறது; பாஸுக்கு என்ன பொருள் தருகிறதோ! துருப்பிடித்த திருகைத் தளர்த்த அடிக்கும் எண்ணெயைப் பொய் இரைமேல் அடித்தால் மீன் விழும் என்றுகூட ஒரு நம்பிக்கை அமெரிக்காவில் நெடுங்காலமாக உலவுகிறது. அதில் மீன் எண்ணெய் இருக்கிறதாம். தயாரித்த நிறுவனமே அப்படி எதுவும் இல்லை என்று சொல்லிவிட்ட பின்னும் நம்பிக்கை குறையவில்லை.

கை வாசனை

புட்டி விற்பவர்கள் சொல்லும் மற்றொரு காரணம் சற்றுக் கனமானது. மீனை இழுக்காவிட்டாலும், நம் கையின் வாசனையை இந்த எண்ணெய் மறைக்கும் என்பார்கள். இதன் பின்னால் உண்மையான ஆய்வு ஒன்று இருக்கிறது. கனடாவில் 1950களில், அணைகளின் அருகே மீன்கள் ஏறிச் செல்லக் கட்டிய படிகளில் சால்மன் மீன்களைக் கவனித்தார்கள். மேலே நீரில் ஒருவர் கையை அலசினால் கீழே ஏறிக்கொண்டிருந்த சால்மன்கள் தயங்கி நின்றன. கரடியின் பாதத்தை நனைத்த நீருக்கும் அப்படியே. 1956இல், தோலிலிருந்து கசியும் செரின் என்னும் அமினோ அமிலமே இதற்குக் காரணம் என்று வேதியியலார் கண்டறிந்தார்கள்.

கரடி சால்மனைத் தின்னும் விலங்கு. அதன் வாசனைக்குச் சால்மன் அஞ்சுவது இயற்கை. ஆனால் ஏரியில் வாழும் பாஸுக்கும் கரடிக்கும் அப்படிப்பட்ட பகை ஏது? சால்மனிடம் கண்டதைக் கேள்வி கேட்காமல் பாஸுக்கும் எடுத்துக்கொண்டார்கள். ஒரு மீனில் நிறுவிய உண்மையை இன்னொரு மீனில் மறுபடி நிறுவித்தான் ஆக வேண்டும்.

‘பத்தில் ஏழு’ என்றால் என்ன?

“அதெல்லாம் இருக்கட்டும், நேற்று நான் பத்து மீன் பிடித்தேன். ஏழு மீன் வாசனை தடவிய புழுவில் விழுந்தவை. வேறென்ன சான்று வேண்டும்?” என்று ஒருவர் கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் பொய் சொல்லவில்லை. ஆனாலும் அவரிடம் சில கேள்விகள் கேட்கலாம்.

முதலாவது, தற்செயல். ஒரு நாணயத்தைப் பத்து முறை சுண்டினால் ஏழு அல்லது அதற்கு மேல் தலை விழுவதற்கு வாய்ப்பு என்ன? பாஸ்கல் முக்கோணம் தெரிந்தவர்கள் உடனே கண்டுபிடிக்கலாம். பத்தாவது வரிசையில் 120, 45, 10, 1 ஆகியவற்றைக் கூட்டினால் 176. மொத்த வழிகள் 1024. அதாவது ஏறக்குறைய ஆறு தடவைக்கு ஒரு தடவை, வாசனைக்கு எந்தச் சக்தியும் இல்லாமலேயே இப்படி நடந்துவிடும். நூற்றில் எழுபது மீன் என்றால் கதை வேறு. தற்செயலாக அப்படி நடக்கும் வாய்ப்பு பத்தாயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு. விகிதம் ஒன்றுதான், ஆனால் சான்றின் பலம் எவ்வளவு மாறிவிடுகிறது!

இரண்டாவது, வேறு மாற்றம் ஏதும் கூடவே நுழைந்துவிட்டதா? உப்புக் கலந்த புழுக்கள் நன்றாக மீன் பிடிக்கின்றன என்கிறார்கள். உப்பின் சுவை காரணமாக இருக்கலாம். ஆனால் உப்புச் சேர்ந்த புழு எடை கூடி வேகமாக மூழ்கும், தொலைவாகவும் வீசலாம். மீன் கண்டு மயங்கியது சுவையையா, விழும் அழகையா? எண்ணெய் தடவிய புழு நீர்ப்பூண்டுகளுக்கு நடுவே சிக்காமல் வழுக்கிச் செல்லும். அதனாலும் மீன் கூடலாம்.

மூன்றாவது, மனிதர். புட்டிக்குப் பணம் கொடுத்தவர் அதில் நம்பிக்கை வைத்திருப்பார். நம்பிக்கை உள்ளவர் பொறுமையாக, மெதுவாக, கவனமாக இழுப்பார். அந்தப் பொறுமைக்கு மீன் கிடைத்திருக்கலாம். இதைத் தவிர்க்க வேண்டுமானால், எந்தப் புட்டியில் மணப்பொருள் இருக்கிறது, எதில் மணமில்லாத எண்ணெய் இருக்கிறது என்பது தூண்டில் போடுபவருக்கே தெரியக் கூடாது. வேறொருவர் நாணயம் சுண்டிப் புழுவை எடுத்துத் தர வேண்டும். புதிய மருந்துகளைச் சோதிக்கும்போது நோயாளிக்கும் மருத்துவருக்கும் தெரியாமல் மருந்தையும் வெறும் மாத்திரையையும் கலந்து கொடுப்பது இதே காரணத்துக்காகத்தான்.

நிறுவனங்கள் சோதனை செய்யாமல் இல்லை. பெரிய தொட்டிகளில் பாஸ் மீன்களை வளர்த்து, சுவையூட்டிய துண்டுகளையும் சுவையற்ற துண்டுகளையும் கொடுத்து, மீன் எதை எத்தனை நொடி வாயில் வைத்திருக்கிறது என்று அளக்கிறார்கள். நல்ல அளவீடுதான். ஆனால் ‘இத்தனை மடங்கு நேரம் வைத்திருக்கும்’ என்று விளம்பரம் கூறும்போது, எதைவிட அத்தனை மடங்கு என்று கேட்க மறக்காதீர்கள். கால் நொடியின் பத்து மடங்கு இரண்டரை நொடி. அதுவும் தொட்டியில், முள் இல்லாத துண்டில்.

மீனுக்கு நினைவாற்றல் உண்டு என்பதையும் இங்கே சேர்த்துக்கொள்ள வேண்டும். நெதர்லாந்தில் பியூகெமா என்ற ஆய்வாளர் 1970இல் வெளியிட்ட ஆய்வு பைக் என்னும் வேட்டை மீனைப் பற்றியது. சுழன்று மின்னும் உலோகத் தகட்டில் ஒரு முறை சிக்கி விடுபட்ட பைக், மறுபடி அதில் சிக்குவது மிகவும் அரிதாயிற்று. ஆனால் உயிர் மீனை இரையாக வைத்தபோது இப்படிப்பட்ட எச்சரிக்கை தென்படவில்லை. உண்மையான உணவை மறுத்துக்கொண்டே இருந்தால் மீன் பட்டினி கிடக்க நேரும் அல்லவா? பொய் இரையை உண்மையான உணவுக்கு மிக அருகில் கொண்டு செல்லக் கூடியது எதுவாயினும், மீனின் இந்தப் பாதுகாப்பையும் அது தளர்த்தும் என்று எதிர்பார்க்கலாம்.

சில நொடிகளின் விலை

இங்கே மீனின் பக்கத்திலிருந்தும் கொஞ்சம் பார்ப்போம்.

அமெரிக்காவில் ரே ஸ்காட் என்பவர் 1967இல் ஆர்கன்சா மாநிலத்தின் பீவர் ஏரியில் பாஸ் பிடிக்கும் பெரும் போட்டி ஒன்றை நடத்தினார். அடுத்த ஆண்டு பாஸ் பிடிப்பவர்களுக்கென ஒரு சங்கத்தையும் நிறுவினார். ஆண்டுதோறும் போட்டிகள் பெருகின. பிடித்த மீன்களையெல்லாம் கொன்றுகொண்டே போனால் ஏரிகள் என்ன ஆகும் என்ற கேள்வியும் எழுந்தது. 1972 முதல், பிடித்த மீனை உயிரோடு எடை போட்டுத் திரும்ப நீரில் விடும் வழக்கத்தை அவர் போட்டிகளில் புகுத்தினார். உயிர் இரைக்கு அங்கே இடமில்லை. பொய் இரை மட்டுமே. பாஸை உண்பதற்காக அல்லாமல் விளையாட்டுக்காகப் பிடிப்பவர்களில் மிகப் பலர் இன்று அதைத் திரும்ப விட்டுவிடுகிறார்கள்.

விட்ட மீன் பிழைக்குமா என்பது பெரும்பாலும் முள் எங்கே பதிந்தது என்பதைப் பொறுத்தது. உதட்டிலோ தாடையிலோ பதிந்தால் எளிதில் கழற்றிவிடலாம், மீன் பிழைத்துவிடும். செவுளிலோ தொண்டையிலோ இரைப்பையிலோ பதிந்தால் இறக்கும் வாய்ப்புப் பல மடங்கு கூடுகிறது. உயிர் இரையை மீன் விழுங்கிவிடுவதால் முள் ஆழத்தில் பதிவது அதிகம். பொய் இரையைச் சீக்கிரம் துப்ப முயல்வதால் முள் வாயோரத்தில் பதிவது அதிகம்.

இப்போது யோசித்துப் பாருங்கள். பிளாஸ்டிக் புழுவுக்குச் சுவை சேர்த்து மீன் அதைத் துப்பாமல் வைத்திருக்கும்படி செய்தால் என்ன ஆகும்? தூண்டில்காரருக்கு ஆதாயமான அதே சில நொடிகள், முள் தொண்டையை நோக்கி நகர்வதற்கும் போதுமானவை. கோலைக் கீழே வைத்துவிட்டுக் கதை பேசிக்கொண்டிருப்பவரிடம் இது நடக்க வாய்ப்பு அதிகம். விவரம் தெரிந்தவர்கள் தட்டலை உணர்ந்த உடனே இழுத்துவிடுகிறார்கள். முள் ஆழத்தில் போய்விட்டால் அதைப் பிடுங்க முயலாமல், முள்ளை ஒட்டி நரம்பை நறுக்கிவிட்டு மீனை விடுகிறார்கள். பிடுங்கி எடுப்பதைவிட முள்ளை உள்ளேயே விட்டுவிட்டால் மீன் பிழைக்கும் வாய்ப்பு அதிகம் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

நரம்பிலிருந்து அறுந்து ஏரியில் விழும் புழுக்களும் ஒரு தொல்லையே. அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் ஓடை டிரௌட் மீன்களைத் தொட்டியில் வைத்து, அவற்றின் முன்னே முள் இல்லாத மென்பிளாஸ்டிக் இரைகளைப் போட்டுப் பார்த்தார்கள். கட்டாயப்படுத்தாமலே பல மீன்கள் அவற்றை விழுங்கின. விழுங்கியவை உணவில் நாட்டம் இழந்து எடை குறைந்தன. 2009இல் இந்த ஆய்வு வெளியாயிற்று. விழுங்கத் தூண்டும் சுவையும் அதில் சேர்ந்திருந்தால் நிலைமை எப்படியிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

பூண்டு தடவிய பிளாஸ்டிக் புழு பொய் இரையா, உண்மை இரையா? கொலராடோ மாநிலம் இதற்குத் தன் மீன்பிடி விதிகளிலேயே விடை எழுதி வைத்திருக்கிறது. அங்கே சில ஆறுகளிலும் ஏரிகளிலும் பொய் இரைகளை மட்டுமே பயன்படுத்தலாம். பொய் இரை என்றால் என்ன என்று விளக்கும் இடத்தில், மணமோ சுவையோ சேர்த்த பொருளும், அவற்றை மேலே தடவிய பொருளும் பொய் இரை ஆகா என்று விதி சொல்கிறது. அந்தக் கரைகளில் தூண்டில் போட வருபவர் வாசனைப் புட்டியை வண்டியிலேயே வைத்துவிட்டுத்தான் இறங்க வேண்டும்.